முகத்தில் மட்டும் ஓட்டை வேண்டாம்

மனிதகுலத்தின் வரலாறு என்பது வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களின் வரலாறு. அச்சத்தோடு பார்த்தவன் குகைக்குள் ஓடினான். அறிவோடு பார்த்தவன், மற்றவர்களும் ஓடி ஒளிய நேரம் வாங்கிக் கொடுத்தான்.

வானிலை நிலையத்தின் இயக்குநர் மறுநாள் ஆற்றவிருந்த பேருரையின் முதல் பத்தி இது. எழுதிக் கொடுத்தவள், ஒரே தம்பிக்கு மூத்தவள். எழுதியபோது அவள் வானத்தைப் பார்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்து ஜன்னலை, போன வருட விழிப்புணர்வு வாரத்தில் மிஞ்சிய துண்டுப் பிரசுரக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன.

முப்பத்தொரு வருட வேலை. காற்று, மழை, இடி இவற்றைப் பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் பிரிவின் தலைவி. பிரிவில் அவளையும் ஒரு ஒலிபெருக்கியையும் தவிர வேறு யாரும் கிடையாது.

பதினோரு நாளுக்கு முன் நடந்த கூத்து ஊருக்கே மறந்திருக்காது. அவள் தம்பி மகளின் கல்யாண வரவேற்பை மண்டபத்துத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். மூத்தவள் சிவப்பு எச்சரிக்கை விட்டாள். விட்டதோடு நில்லாமல் தம்பி வீட்டுக்கே போய், "தோட்டம் போனா போகட்டும், உயிர்தான் முக்கியம்" என்று நின்றாள். முந்நூறு பேரையும் மண்டபத்துக்கு அடியிலிருந்த கார் நிறுத்துமிடத்துக்கு இறக்கினார்கள். மணமக்கள் பதினான்காம் எண் தூணுக்கும் பதினைந்தாம் எண் தூணுக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெளியே சுள்ளென்று வெயில். ஒரு சொட்டு இல்லை.

சம்பந்தி வீட்டில் அதற்குக் 'கார் ஷெட் கல்யாணம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தம்பி அன்றிலிருந்து அக்காவை 'அக்கா' என்று கூப்பிடுவதில்லை. பதினோரு நாளாக 'மேடம்'.

அலுவலகத்தில் அதைவிட மரியாதை. இன்னொரு எச்சரிக்கை பொய்த்தால் மூத்தவளைப் பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றுவது என்று இயக்குநர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அடைக்கும் வேலை மிச்சம்.

அன்று காலையும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் சங்க அறை. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் லிஃப்ட் பழுதைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கள்.

மூத்தவள் தன் பையைப் பிரித்தாள். டார்ச், விசில், மருந்துப் பட்டியல், பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். எத்தனையோ தடவை காட்டிய பை. விசிலை ஊதிக் காட்டுகையில் அவளுக்கே கொட்டாவி வந்தது. விசிலும் கொட்டாவியும் சேர்ந்து ஒரு மாதிரி சத்தம் கேட்டது.

"ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க."

முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

"மேடம், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்'னு சொல்றீங்களே. அந்த ஓரிரு இடம் எங்க இருக்கு?"

"அதைத் துல்லியமா சொல்ல முடியாதுங்க. அந்தப் பகுதியில ஏதோ ஒண்ணு ரெண்டு இடத்துல..."

"இல்ல, நாங்க இங்க இருபது வருஷமா இருக்கோம். இது அந்த இடம் இல்ல. அதான், அந்தப் பக்கம் வீடு மலிவா கிடைக்குமான்னு கேக்கறேன்."

அறை சிரித்தது. மூத்தவளும் சிரித்து வைத்தாள். கேள்வி கேட்டவரின் பெயரைப் படிவத்தில் 'ஆர்வமுள்ள பங்கேற்பாளர்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு லிஃப்ட் வேலை செய்யாததால் ஏழு மாடி இறங்கி நடந்தாள்.

அலுவலக வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. வாசலுக்குப் பக்கத்தில் நாற்பதடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழும்பியிருந்தது. கீழே, தரையில், வண்டிகள் போகாதபடி கயிறு கட்டி, ஒரு பெரிய ஃபிளெக்ஸை விரித்துப் போட்டிருந்தார்கள். 'பேரிடருக்குத் தயாராக இருப்போம்' என்று இடப்பக்கம் எழுத்து. வலப்பக்கம் இயக்குநரின் முகம். ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு பூனை தாராளமாகப் படுக்கலாம்.

அந்த மூக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையில் பிளேடோடு வேலை செய்துகொண்டிருந்தவன் தம்பி.

விளம்பரப் பலகை கட்டுவதுதான் அவன் தொழில். ஐம்பது வயது. ஆட்கள் இருந்தாலும் மேல் மூலையை அவனே ஏறித்தான் கட்டுவான். மற்றவன் போட்ட முடிச்சில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. காற்று புகுந்து போகட்டும் என்று ஃபிளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டி விடுவார்கள். எழுத்துப் பக்கம் முழுக்க அப்படி வெட்டியிருந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

மூத்தவள் நின்றாள். வெயில் தலையில் இறங்கியது.

"முகத்துல ஏன் வெட்டலை?"

தம்பி நிமிரவில்லை. எதிரே கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆளிடம் சொன்னான்:

"மேடத்துக்குச் சொல்லுப்பா. முகத்துல மட்டும் ஓட்டை வேண்டாம்னு பெரிய சார் உத்தரவு."

அந்த ஆள் இவளைப் பார்த்து, "முகத்துல மட்டும் ஓட்டை வேண்டாமாம் மேடம்" என்றான்.

"எனக்குக் காது கேக்கும்ப்பா."

"மேடத்துக்குக் காது கேக்குமாம்ணே."

"அது சரி, காதுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றான் தம்பி, பிளேடைத் துடைத்தபடி. "சாப்டாங்களான்னு கேளு."

"சாப்டீங்களான்னு..."

"இன்னும் இல்ல."

"மணி பன்னெண்டாச்சுன்னு சொல்லு."

மூத்தவள் உள்ளே போனாள். பதினோரு நாளில் இதுதான் அவர்களுக்குள் நடந்த நீளமான பேச்சு.

மூன்று பத்துக்கு ரேடார் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ரேடார்காரர் ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். எதையும் அவர் அவசரமாகச் சொல்வதில்லை.

"மேடம், விருந்தாளி வராரு. பாருங்க."

திரையில் ஒரு சிவப்புக் கோடு, வில்லைப் போல வளைந்து, நகர்ந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு தூரம்?"

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். வர வேகத்தைப் பாத்தா நாலு மணி சுமாருக்கு இங்க. வழியில இருக்கிற நிலையத்துல மணிக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்துல அடிச்சுட்டுப் போயிருக்கு. ஒரு தகரக் கூரை அடுத்த தெருவுக்குக் குடிபோயிருக்காம்."

"வழியில வலுவிழக்குமா?"

"இழக்கலாம். கார் ஷெட்டு அன்னைக்கும் இப்படித்தான் வந்துச்சு, பாதியில பொசுக்குனு போச்சு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "நான் தப்பா சொல்லல மேடம். எனக்கு அன்னைக்கு நல்ல எடம். ஒன்பதாம் எண் தூணு."

மூத்தவள் எச்சரிக்கையை எழுதிக்கொண்டு கூட்ட அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் இறங்கிய ஏழு மாடி அவள் முழங்காலில் அப்படியே இருந்தது.

கூட்ட அறையில் இயக்குநர் தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"...மக்களோடு மக்களாக... என்ன மேடம், 'மக்களோடு'ல அழுத்தணுமா, 'மக்களாக'ல அழுத்தணுமா?"

"சார், ஒரு கையெழுத்து. நாலு மணிக்குப் பலத்த சூறைக்காத்து. அறுபதுக்கு மேல போகும்."

"போகும்னா? நிச்சயமாவா?"

"போக வாய்ப்பிருக்கு."

"போகாம இருக்க?"

"அதுக்கும் இருக்கு."

இயக்குநர் பாட்டிலைக் கீழே வைத்தார். "நாளைக்கு விழிப்புணர்வு வாரம் தொடங்குது. இன்னைக்கே எச்சரிக்கை விட்டா நாளைக்கு நான் எதைத் தொடங்கி வைக்கறது?"

மூத்தவள் நகரவில்லை. காகிதத்தை நீட்டியபடியே நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே ராஜதந்திரம் அது. நீட்டிய காகிதத்தை எந்த அதிகாரியாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் பேனாவை எடுத்தார். 'பலத்த' என்பதை 'சற்றே பலத்த' என்று மாற்றினார். 'நகரில்' என்பதை அடித்துவிட்டு 'ஓரிரு இடங்களில்' என்று எழுதினார். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட்ட பிறகு, "பலகை அஞ்சு மணிக்குள்ள ஏறிடணும். அந்த ஆள்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

அந்த ஆள் தன் தம்பி என்பதை மூத்தவள் அவரிடம் சொல்லவில்லை. வரவேற்பில் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான்.

எச்சரிக்கை எல்லோருடைய போனுக்கும் போயிற்று. 'ஓரிரு இடங்களில் சற்றே பலத்த தரைக்காற்று வீசக்கூடும்.' மூத்தவளின் போனுக்கும் வந்தது. அவளுக்கே பயம் வரவில்லை.

வாசலுக்கு வந்தாள். மணி மூன்று நாற்பது. மேற்கே அடிவானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம் போல இருந்தது. காற்று அசையவில்லை. நாற்பதடி உயரத்தில், இயக்குநரின் நெற்றிக்குப் பக்கத்தில், தம்பி ஒரு பலகைத் துண்டின் மேல் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் நடுச்சட்டத்தில் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. காத்து வருது."

ஆட்கள் இரண்டு பேரும் உடனே இறங்கினார்கள். அவர்கள் கார் ஷெட் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இல்லை.

தம்பி கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"டேய். உன்னைத்தான்."

"எங்க வருதுன்னு மேடத்தைக் கேளுங்கப்பா" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஓரிரு இடத்துலயா, இல்ல பரவலாவா?"

மூத்தவள் போனை எடுத்துத் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, சொல்லுங்க. சாப்டீங்களா?"

"உன் வீட்டுக்காரன் பலகை மேல நிக்கறான். இறங்கச் சொல்லு. காத்து வருது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அவர் நான் சொல்லிக் கேக்கற ஆளா இருந்தா, அண்ணி, வரவேற்பை மண்டபத்துக்குள்ளயே வச்சிருப்போம். தோட்டம்னு அடம் பிடிச்சது யாரு?" ஒரு நொடி விட்டு, "நிஜமாவே வருதா?" என்றாள்.

கேலி இல்லாமல் கேட்டாள். அதுதான் மூத்தவளைச் சுட்டது.

"வருது."

"கூப்பிட்டுப் பாக்கறேன். எடுக்க மாட்டார்."

மேலே தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை.

மூத்தவள் சட்டத்தின் அடியில் போய் நின்றாள். வாய்ப்புள்ளது, கூடும், எதிர்பார்க்கப்படுகிறது. முப்பத்தொரு வருடமாக அவள் வாக்கியங்கள் எல்லாம் பின்வாசல் வைத்துக் கட்டிய வீடுகள். அறுபது சதவீதம் என்று அவள் சொல்வாள். மீதி நாற்பதில் ஊர் குடையை மறந்துவிட்டுப் போகும். இப்போதும் ரேடார் அவளுக்குச் சொன்னது அறுபதோ எழுபதோதான். இந்த வாசலுக்கு வரும் என்று சத்தியம் செய்ய எந்தக் கருவியும் தயாராக இல்லை.

"இங்க வருது" என்று கத்தினாள். "நீ நிக்கற இடத்துல. நாலு மணிக்கு."

கயிறு இழுக்கும் சத்தம் நின்றது. தம்பி முதல் தடவையாகக் கீழே பார்த்தான்.

"நிச்சயமாவா, மேடம்?"

"நிச்சயமா."

அறிவியலுக்கு விரோதமாக அவள் சொன்ன முதல் பொய் அது.

"பாதி கட்டினதை இப்படியே விட்டா பாய்மரம் மாதிரி இழுக்கும். இந்த மூலையை முடிச்சாகணும்."

"பலகை போனா போகட்டும்டா."

"தோட்டம் போனா போகட்டும்னும் சொன்னீங்க."

தம்பி திரும்பிக்கொண்டு முடிச்சைப் போட ஆரம்பித்தான். கீழே ஆட்களும் வாசல் காவலாளியும் சாலையில் போன இரண்டு மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதகுலத்தின் வரலாறு.

மணி மூன்று ஐம்பது. தம்பியின் கை நின்றது. அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். மேற்கே ஒரு தடவை பார்த்தான். அக்காவை ஒரு தடவை பார்த்தான். பிறகு இடுப்புக் கொக்கியைக் கழற்றி, கிடுகிடுவென்று இறங்கினான். இருபது வயதில்கூட அவன் அவ்வளவு வேகமாக இறங்கி அவள் பார்த்ததில்லை.

தரையில் குதித்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல், காவலாளியிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டு, குனிந்த தலையோடு விறுவிறுவென்று கட்டடத்துக்குள் போனான்.

வீம்புக்காரன், கண் கலங்கினதைக் காட்டக் கூடாது என்று போகிறான் என்று மூத்தவள் நினைத்தாள். அவன் கூச்சப்படக் கூடாதே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் கண்ணில் ஏதோ கரித்தது. கார் ஷெட் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டு அவள் குடும்பத்தில் ஓர் ஆள் ஒரு படி இறங்கியது இன்றைக்குத்தான்.

எல்லோரையும் தாழ்வாரத்துக்குள் அனுப்பினாள்.

நாலு எட்டுக்குக் காற்று வந்தது.

முதலில் ஒரு குளிர். பிறகு புழுதி, சாலையே எழுந்து நடந்து வருவது போல. நிறுத்தியிருந்த சைக்கிள்கள் வரிசையாகப் படுத்தன. தம்பி நின்றிருந்த பலகைத் துண்டு சட்டத்திலிருந்து பிய்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, காவலாளியின் கூண்டுக் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது. காவலாளி தாழ்வாரத்தில் நின்று அதைப் பார்த்தார்.

ஃபிளெக்ஸில் எழுத்துப் பக்கம் அத்தனை ஓட்டைகளும் சேர்ந்து விசிலடித்தன. ஓட்டை இல்லாத முகம் மட்டும் பூரித்தது. கன்னங்கள் உப்பின. நெற்றி முன்னால் வந்தது. ஒரு கணம் இயக்குநர் ஏதோ பெரிய முடிவை அறிவிக்கப் போகிறவர் போலத் தெரிந்தார். அடுத்த கணம் முகம் மட்டும் சதுரமாகக் கிழிந்து, கட்டடத்துக்கு மேலே பறந்து போயிற்று.

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சட்டம் நின்றது. 'பேரிடருக்குத் தயாராக இருப்போம்' நின்றது. முகம் இருந்த இடத்தில் கழுவி விட்ட வானம் தெரிந்தது.

மூத்தவளின் தோளிலிருந்து பதினோரு நாள் பாரம் இறங்கியது. ரேடார் அறைக்குப் போனாள்.

"எவ்வளவு அடிச்சுது?"

ரேடார்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் நல்ல செய்தி இருக்காது.

"நாப்பத்தொண்ணு."

"என்னது?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும் ஏறிச்சு. அப்புறம் பூஜ்யம். மாடிக்குப் போய்ப் பாருங்க."

மாடியில் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணங்கள் கம்பத்தின் உச்சியில் சுழல வேண்டும். சுழலவில்லை. கம்பத்தை ஈரத் துணி போலச் சுற்றிக்கொண்டு, கிண்ணங்களைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அறுபதைத் தொடலைன்னா" என்றார் பின்னாலேயே வந்த ரேடார்காரர், "நம்ம கணக்குல அது வரவே இல்ல."

ஐந்து மணிக்கு இயக்குநரின் அறையில் அதே தீர்ப்பு வந்தது.

"சார், கருவியை ஃபிளெக்ஸ் மூடிடுச்சு."

"எந்த ஃபிளெக்ஸ்?"

"உங்க... விழிப்புணர்வு ஃபிளெக்ஸ்."

"அதை அறிக்கையில எழுத வேண்டாம். பதிவு என்ன சொல்லுதோ அதுதான். இது ரெண்டாவது தவறான எச்சரிக்கை. திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் குடுங்க." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டவராக, "விதியில ஒரு வழி இருக்கு. எச்சரிக்கையைக் கேட்டுப் பொதுமக்கள்ல ஒருத்தராவது தற்காப்பு நடவடிக்கை எடுத்திருந்தா, எழுதி வாங்கிட்டு வாங்க. அது வெற்றின்னு கணக்கு" என்றார்.

பதிவேட்டு அறை அவள் கண் முன் இருண்டு வந்து, சட்டென்று விலகியது. மூத்தவள் படிவத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியிறங்கினாள்.

தம்பி வாசற்படியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு டம்ளர் மூடி வைத்திருந்தது. அவள் உட்கார்ந்ததும் அதை நகர்த்தினான். காவலாளியின் கூண்டையும், அதன் கூரையையும், நாற்காலியில் இருந்த பலகையையும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா."

அவள் டீயை ஊதினாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள் போல் இருந்தது.

"நீ சொன்ன இடத்துலதான் வந்துச்சு."

"ம்."

"சொன்ன நேரத்துக்கு வேற."

"எட்டு நிமிஷம் லேட்டு."

படிவத்தை அவன் மடியில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். 'எச்சரிக்கையைக் கேட்டு நீங்கள் எடுத்த நடவடிக்கையும் அதற்கான காரணமும்' என்ற கட்டத்தைப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினான்.

"என்னடா?"

"இதுல என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடணுமாக்கா?"

"ஆமா."

"பொய் சொன்னா?"

"எதுக்குப் பொய் சொல்லணும்? நடந்ததை எழுது."

தம்பி கட்டடத்தின் தரைத்தளத்தைத் திரும்பிப் பார்த்தான். தாழ்வாரத்தின் கோடியில் 'ஆண்கள்' என்று எழுதிய கதவு இருந்தது.

"மதியம் வெயில்ல ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன்க்கா" என்றான்.

மூத்தவளின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

தம்பி பேனாவைத் திறந்து, 'மூன்று ஐம்பதுக்குச் சிறுநீர் கழிக்க இறங்கினேன்' என்று கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.